மேற்பிரிவு முழுக்க ஒரே வீடு

நவம்பர் 2, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கண்டியில் நான் தங்கியிருக்கும் மஹய்யாவ போடிங்கிலிருந்து ஒபிஸ் வரை நடந்ததில் சப்பாத்து நனைந்து, பகல் முழுக்க ஈரக் காலோடு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. வாங்க வேண்டியவை: குடை, சலவைத் தூள், தங்கச்சி ஸ்டெல்லாவுக்குக் கொம்பாஸ் பெட்டி.

இன்று புது ஸ்பிரின்ட். இரண்டு கிழமை வேலையை மஞ்சள் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். நின்றபடி வேலை செய்வதை எங்கோ ஒருவன் புதுமை என்று கண்டுபிடித்திருக்கிறான். அம்மா மலையில் கொழுந்து பறித்தபடி எத்தனை வருடமாக நிற்கிறாள். அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாங்கள் செய்யும் பொருள் மண்சரிவு எச்சரிக்கை. மலைகளில் கொம்பனி நட்ட மழைமானிகள். மழை அளவு மீறினால் அந்தப் பக்கத்தில் பதிந்த போன்களுக்கெல்லாம் ஒரு செய்தி, ஓர் அழைப்பு: உடனே வெளியேறுங்கள். பெரிய மழைக்குப் பிறகு எல்லோருக்கும் மலைமேல் திடீர் அக்கறை. நிதி வந்தது, கொம்பனி வந்தது, பிழை பார்க்கும் டெஸ்டராக நான் வந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவையும் சேர்த்தார்கள், தோட்டங்களில் அது ஒன்றுதான். லயத்து வரிசை வீட்டு ஆட்களைப் பதிவுசெய்ய வைத்தது ஸ்டெல்லா. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொரு குடும்பத்துக் காம்பராவாக ஏறி இறங்கினாள்.

போன மாதம் மூன்று பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது கோட் எழுதுவது ஏஐ ஏஜென்ட். அது எழுதியதை ஒருவர் பார்த்து ‘சரி’ அழுத்த வேண்டும். சோதனைகளையும் அதுவே எழுதிக்கொள்கிறது. டெஸ்டர் என்று மிச்சம் நான் மட்டும்.

இன்று காலை ஏஜென்ட் ‘இரட்டைப் பதிவுகளை’ச் சுத்தம் செய்து முடித்ததாம். ‘சரி’ அழுத்தியது ஃபாசில், என் பக்கத்துக் கதிரை. சோதனை எல்லாம் பச்சை. எங்கள் மெனேஜர் திலான் கை தட்டினார்.

கையாலும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“நங்கி, கையால பார்க்கிற காலம் முடிஞ்சு போச்சு.”

தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் காலத்தோடு முடியப்போவது யார்?

நவம்பர் 3, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஒருவர் போனில்: “ரோடு திறந்திருக்காம், ஆனா எத நம்பிப் போறது?”

மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை எச்சரிக்கை அனுப்புவோம். இன்று பின்னேரம் மூன்று மணிக்கு. என் போன் அலறியது. திரையில்: இது ஒத்திகை. நல்லது.

போன ஒத்திகையின்போது எங்கள் லயத்தில் எல்லாப் போனும் ஒன்றாக அடித்து, நாய்கள் குரைத்து, வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா ஆயா பயந்து பிள்ளைகளை வெளியே தூக்கி வந்ததாக ஸ்டெல்லா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடவையும் கதை இருக்கும் என்று நினைத்து வேலை விட்டதும் அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ஒத்திகை எப்பிடி?”

“என்னா ஒத்திகை?”

“மூணு மணிக்கு அடிச்சிருக்குமே.”

“இல்லியே அக்கா. நான் ஸ்கூல்ல இருந்து வந்து இங்கதான் இருக்கேன். ஒன்னும் அடிக்கல.”

“பக்கத்துல கேளு.”

கத்திக் கேட்டாள். யார் யாரோ பதில் சொல்வது கேட்டது. இல்லை. இல்லை. இங்கயும் இல்ல. பின்னால் அப்பா: “கொம்பனி மூடிட்டாங்களான்னு கேளு புள்ள.”

சிக்னல் பிரச்சினை என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அப்படி இல்லை என்று தெரியும். எண்பது சொச்சம் போன் ஒரே நேரத்தில் சிக்னல் இழக்காது.

சாப்பிடாமல் பதிவுப் பட்டியலைத் திறந்தேன்.

நவம்பர் 4, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஏஜென்டின் விதி: ஒரே முகவரி, ஒரே மழைமானி என்றால் ஒரே வீடு. ஒரு வீட்டுக்கு ஐந்து செய்தி போனால் ஆட்கள் அலுத்துப்போய் எதையும் பார்க்க மாட்டார்கள். ஆகவே வீட்டுக்கு ஒரு போன் போதும். அதிகம் பாவிக்கும் போனை வைத்துக்கொள், மிச்சத்தை அழி. பேராதனையில் மாடி வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது மிகச் சரியான யோசனை. குறையே சொல்ல முடியாது.

தோட்டத்தில் யாருக்கு ஐயா தனி முகவரி?

ஆளின் பெயர் போக, மேற்பிரிவு, தோட்டத்தின் பெயர், மடுல்கெல்ல. இவ்வளவுதான் முகவரி. அப்பாவுக்கும் இதுதான், கடைசிக் காம்பராவுக்கும் இதுதான். வீட்டு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்ட ஒபிசுக்கு வந்து கிளாக்கர் மேசையில் கிடக்கும். அவருக்கு மனம் வந்தால் நம் கைக்கு வரும். எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் நேர்முகம் முடிந்த பிறகுதான் வந்தது. எத்தனை தலைமுறை இந்த மண்ணில். ஒரு கதவிலாவது இலக்கம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒபிஸ் சுவரில் பாவனையாளர் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். கற்பனை ஆட்கள். இவர்களுக்காகத்தான் செய்கிறோம் என்று மறக்காமல் இருப்பதற்காம். ஒரு விவசாயி, ஒரு ஆசிரியை, ஒரு கடை முதலாளி. மூவருக்கும் சிரித்த முகம், சொந்த வீடு, வீட்டுக்கு இலக்கம். கொழுந்துக் கூடையோடு ஒருத்தி கூட இல்லை. ஏஜென்ட் அந்தப் படங்களைப் படித்துத்தான் வேலை செய்கிறது. அதைத் திட்டி என்ன பிரயோசனம்.

ஆக, மேற்பிரிவு முழுக்க இப்போது ஒரே வீடு. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு போன்.

அதிகம் பாவித்த போன் எது என்று பார்த்தேன். நானும் வீட்டு முகவரியில்தான் பதிந்திருந்தேன். டெஸ்டர் என்பதால் அந்தச் செயலியைத் தினமும் பத்துத் தடவை திறப்பேன்.

என் இலக்கம்.

மலை சரிந்தால் கண்டியில் இருக்கும் எனக்கு மட்டும் தெரியும்.

நவம்பர் 5, வியாழன்

முதலில் ஃபாசிலிடம் காட்டினேன். பார்த்தான். மேலிருந்து இன்னொரு தடவை பார்த்தான்.

“ஜெசி, பெக்கப் பிரதி ஈக்கி. பயப்படாதீங்க. அழிஞ்ச எல்லாத்தையும் திருப்பி எடுக்கலாம்.”

“இப்பவே எடு.”

“திலான் அனுமதி வேணும். அவர்ட்ட செல்லப் போனா என்ன நடக்கும்? சரின்னு அழுத்தினது நான். வாசிக்காம அழுத்தினேன், எல்லாரும் அப்பிடித்தான் அழுத்துறாங்க. அடுத்த ஆள் நான்தான். ஊட்ல தங்கச்சிட கல்யாணம் பேசிட்டு ஈக்காங்க.”

“எங்க வீட்டுக்கு மேல மலை இருக்கு ஃபாசில்.”

வாய் தவறி வந்துவிட்டது. ஒபிஸில் எல்லோருக்கும் நான் மஹய்யாவக்காரி. தோட்டம் என்று சொன்னால் அடுத்த கேள்விகள் என்னவென்று தெரியும் என்பதால் சொல்வதில்லை. அவன் எழுந்து, “வாங்க, ரெண்டு பேரும் போவோம்” என்றான்.

திலான் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

“இது எட்ஜ் கேஸ், நங்கி. அபூர்வமா வர்றது. கட்டாயம் திருத்துவோம். ஆனா திங்கட்கிழமை நிதி தர்ற ஆக்கள் வர்றாங்க. டெமோ முடியிற வரைக்கும் ஃப்ரீஸ். ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டோம், புதுப் பதிவும் எடுக்க மாட்டோம். இப்ப கை வெச்சு வேற ஏதாவது உடைஞ்சா?”

“மழை திங்கட்கிழமை வரைக்கும் நிக்குமா?” என்றேன்.

“ஒரு தோட்டத்துல ஒரு பிரிவு தானே?”

“அது எங்க வீட்டு முகவரி.”

அவர் ரொம்ப மெதுவாக: “அப்ப பிரச்சினை இல்லையே. உங்களுக்கு எச்சரிக்கை வரும். நீங்க வீட்டுக்குச் சொல்லலாம் தானே?”

என் வீடாம். என் வீட்டு ஆட்கள் மட்டும் ஓடட்டுமாம். பக்கத்துக் காம்பரா தூங்கட்டுமாம். திருப்பிப் பேச வாயெடுத்தேன். வேலை நினைவுக்கு வந்தது, கதிரைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 6, வெள்ளி

விடாத மழை. ஒபிஸ் ஜன்னலில் மலையே இல்லை, சாம்பல் மட்டும்.

ஸ்டெல்லாவை ஒரு வட்ஸ்அப் குழு போடச் சொன்னேன். “டேட்டா போட்டு வெச்சிருக்கறது நாலஞ்சு பேரு அக்கா. மத்ததெல்லாம் பட்டன் போன்.” சரி, வேறு வழி: எனக்கு எச்சரிக்கை வந்தால் நான் அவளுக்குப் போன் எடுப்பேன். அவள் வெளியே ஓடி வாசல் ஸ்தோப்பின் கூரைத் தகரத்தில் கரண்டியால் அடிப்பாள். அடித்துக் காட்டினாள். போனில் கேட்கவே காது வலித்தது. “யாருடி அவ?” என்று ஒரு கிழட்டுக் குரல். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கோடி கோடியாகச் செலவழித்த புதுமை கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில், தகரமும் கரண்டியுமாக.

அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். முகவரிக் கதை புரியவைக்கத் தேவையே இருக்கவில்லை.

“அவனுங்களுக்கு நாம எல்லாம் ஒன்னுதான்மா. ஓட்டு கேக்கறப்பதான் எண்ணுவானுங்க.”

“அப்பா, கொஞ்ச நாளைக்குக் கண்டிக்கு வந்துருங்க. மூணு பேரும்.”

“வந்து? ஒன் போடிங் காம்பராவுல நாலு பேரு படுக்கறதா? காலையில வேலைக்குப் பேரு போடாம விட்டா வேல போயிரும். நீ இருக்கியே, சொல்லிற மாட்ட?”

நீ இருக்கியே.

நாளை பஸ் ஏறிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர்களோடு இருந்தால் இந்தப் பயம் குறையும். பிறகுதான் உறைத்தது: லயத்துக்குள் என் போனுக்குச் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம் வரை ஏற வேண்டும். முன்னே எண்பது போனில் ஒன்றாவது எங்காவது பிடித்துக்கொள்ளும். இப்போது ஒன்றுதான். இது சிக்னல் உள்ள இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஆகவே நான் வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அவர்களுக்கு எச்சரிக்கை இல்லை.

நவம்பர் 7, சனி

போடிங்கை விட்டு அசையவில்லை.

சார்ஜ் நூறு. நேற்று வரும் வழியில் ஒரு பவர் பேங்க் வாங்கினேன். ஃபாசிலிடம் இன்னொன்று கடன். குளிக்கும்போதும் போன் பொலித்தீன் பையில், ஜன்னல் விளிம்பில்.

இன்று வந்தவை: பங்குக் கோயில் கூட்டம் ஒத்திவைப்பு. குலுக்கலில் கார் வென்றிருக்கிறேனாம். ரீலோட் முடிகிறது. ஸ்டெல்லாவின் படம்: மழையில் நனைந்த கோழி. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கார் வென்ற ஒருத்தி இப்படிப் பயந்து அந்தச் செய்தியை அனுப்பியவன் பார்த்திருக்க மாட்டான்.

மழைமானிப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். கோடு ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, ஏறுகிறது. இதை யாரோ அழகான நீலத்தில் வரைந்திருக்கிறார்கள்.

இணையத்தில் ஒருவர் உரை, அடுத்த பத்து வருடம் எப்படி மாறும் என்று. மனிதர்கள் அலுப்பான வேலையிலிருந்து விடுபடுவார்களாம். பாதியில் நிறுத்தினேன்.

தரவுத்தளத்துக்குள் நானே போய் மாற்ற முடியுமா என்று யோசித்தேன். எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. ஃபாசிலுக்கு முடியும். கேட்டேன். “கை வெச்சா உடனே தெரிஞ்சிரும் ஜெசி. திங்கள் வரைக்கும் பொறுங்க, அல்லாஹ்வுக்காக.” அவனும் தூங்கவில்லை போல, குரல் அப்படி. அவன் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும், வரவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

பின்னேரம் எழுதுகிறேன்.

பங்குக் கோயிலில் காலைப் பூசையின் பிரசங்கம் நடக்கும்போது போன் அடித்தது. சத்தத்தைக் குறைக்காமல்தான் வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் செத்தவனையும் எழுப்ப வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். கோயில் முழுக்கத் திரும்பியது. ஒரு பெண்: “சீ, கோயிலுக்குள்ளயா?” திரையில் சிவப்பு. மேற்பிரிவு. ஒத்திகை இல்லை.

வெளியே ஓடினேன். ஸ்டெல்லா: தொடர்புகொள்ள முடியாது. மறுபடியும். அதே குரல். அப்பா: அடிக்கிறது, எடுக்கவில்லை. அம்மாவிடம் போன் இல்லை. மழையில் படியில் நின்று அழுகையோடு இலக்கங்களை அழுத்தினேன். யாரும் இல்லை. தோட்ட ஒபிஸ் மூடியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் தோட்டச் சந்தியில் கடை வைத்திருக்கும் ரவூப் நானா நினைவுக்கு வந்தார். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“நானா, நான் மேற்பிரிவு ஜெசிந்தா. மலை இறங்கப் போகுது. எல்லாரையும் வெளிய எடுங்க.”

“யாரு செல்றது?”

“மெசின் சொல்லுது நானா. எனக்கு மட்டும்தான் சொல்லுது.”

அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. “நீங்க போன வைங்க தங்கச்சி, நான் ஓட்டோவ எடுக்கிறேன்.” வைப்பதற்குள் ஓட்டோ ஹோர்ன் கேட்டது, விடாமல், மேலே ஏறுகிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே பாட்டு முடிந்து, நற்கருணை முடிந்து, ஆட்கள் குடை விரித்து என்னைச் சுற்றிப் போனார்கள்.

அப்பா எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், பிள்ளைகள் அழுகை.

“வெளிய வந்துட்டோம்மா. எங்க போறது?”

“செய்தியில பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லியிருக்கு.”

“அது எதுன்னு போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. நான்தான் அந்தச் செய்தியைச் சோதித்தவள். எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்த்தேன். எங்கே போவது என்று எனக்கும் தோன்றவில்லை.

“ஸ்கூலுக்குப் போங்கப்பா.”

“பூட்டிக் கெடக்கு.”

“ஒடைங்க.”

உடைத்தார்கள். எல்லோரும் உள்ளே. ஸ்டெல்லாவின் போன் மழையில் செத்துவிட்டதாம். அம்மா பேசினாள், “நனையாம இரு” என்றாள். எனக்கு.

மதியம் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. கக்கூஸ் வரிசை போய்விட்டது, கடைசிக் காம்பராவின் குசினிச் சுவர் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. முதலில் வந்த அதிகாரி தோட்டத்துக் கிளாக்கர். முதல் கேள்வி: “யாரு பூட்ட ஒடச்சது?”

நவம்பர் 9, திங்கள்

காலையில் மழை விட்டிருந்தது. வெயில் கூட. கேவலமான வெயில்.

டெமோ. கொழும்பிலிருந்து நான்கு பேர். கேக், வடை, பூச்சாடி. திலான் பெரிய திரையில் நேற்றைய எச்சரிக்கையைக் காட்டினார். மேற்பிரிவு: அனுப்பியது ஒன்று, கிடைத்தது ஒன்று, திறந்தது ஒன்று. வெற்றி நூறு வீதம், பச்சையில். “நேற்று நிஜமாகவே உயிர் காப்பாற்றினோம்” என்றார். கை தட்டினார்கள்.

நரைத்த பெண் ஒருவர் கேட்டார்: “இந்த வீட்டில் எத்தனை பேர்?”

திலான் திரையைப் பார்த்தார். திரையில் அது இல்லை.

நான் எழுந்தேன். கதிரை பின்னால் விழுந்தது. “முந்நூறு பேருக்கு மேல. எண்பது சொச்சம் குடும்பம். எங்களுக்கு முகவரி இல்லை, அதனால உங்கட மெசின் எங்களை ஒரே வீடாக்கிட்டுது. நேற்று அந்தச் செய்தி வந்த போன் என்னுடையது. நான் கோயிலில் போனை நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இங்கே வடை சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டீங்க.”

சிங்களத்தில் சொன்னேன். ஃபாசில் தலை குனிந்திருந்தான். பிறகு அவனும் எழுந்து, “அந்த மாற்றத்துக்குச் சரி அழுத்தியது நான்” என்றான்.

அந்தப் பெண் திலானிடம், “இப்போதே திருத்துங்கள், நாங்கள் இருக்கிறோம்” என்றார். அனுமதி ஒரு நொடியில் வந்தது. வியாழக்கிழமை நாங்கள் கேட்டதே அதுதான்.

ஃபாசில் பெக்கப்பைத் திறந்தான். தேடினான். இன்னும் தேடினான். என் பக்கம் திரும்பினான்.

ஒரு கிழமைக்கு மேல் பெக்கப் வைப்பதில்லை. பழையது தானாக அழியும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்தது இன்று காலையில் அழிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை எடுத்திருந்தால் இருந்திருக்கும். நேற்று எடுத்திருந்தாலும்.

எண்பது சொச்சம் இலக்கமும் எங்குமே இல்லை. திரும்ப ஒவ்வொரு காம்பராவாக ஏறிப் பதிய வேண்டும். சனிக்கிழமைக்கு ஆள் அனுப்புவார்களாம். எனக்கும் ஃபாசிலுக்கும் வேலை இருக்கிறதா என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பொழுது சாய்கிறது. மறுபடியும் கறுத்துக்கொண்டு வருகிறது, அந்தப் பக்கமிருந்தே. ஸ்கூலில் இன்றிரவு தங்கக் கூடாதாம், நாளை பரீட்சை. எல்லோரும் லயத்துக்குத் திரும்பியாயிற்று.

ஸ்டெல்லா அப்பாவின் போனிலிருந்து எடுத்தாள்.

“அக்கா, இங்க எல்லாரும் கேக்கச் சொல்றாங்க. மீனாச்சி அக்கா, பக்கத்துக் காம்பரா, எல்லாரும்.”

“என்னா?”

“நாங்க தூங்கலாமா?”

மழைமானிப் பக்கத்தில் அந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். இன்னும் கீழேதான் இருக்கிறது. ஏறத் தொடங்கியிருக்கிறது.

தூங்குங்கள், நான் முழித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.